கிரேடு 10 கணக்கு: வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போடுகிறார், எட்டுப் பேர் பார்த்து எழுதுகிறார்கள். சேர்ந்து போட வைப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் செல்வி (28 ஜூலை 2020)

அனைவருக்கும் வணக்கம். கொரோனாவால் மார்ச் 18-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் பள்ளிகள் மூடியதிலிருந்து, டர்பன் நகரில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி கிரேடு 10 பிள்ளைகள் ஒன்பது பேருக்கு இரண்டு தன்னார்வலர்கள் கணக்கு சொல்லித் தருகிறோம். ஜூலை 23 அன்று அதிபர் அறிவித்தபடி அரசுப் பள்ளிகள் ஆகஸ்ட் 24 வரை மறுபடியும் மூடல். மெட்ரிக் (கிரேடு 12) பிள்ளைகளும் கிரேடு 7-ம் முன்னதாகப் போவார்கள், இவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே இந்த நான்கு வாரத்தையும் ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும்.

இப்போது நடப்பது இதுதான். வாட்ஸ்அப் குழுவில் கணக்கைப் போட்டால், வேகமான ஒரு பிள்ளை நான்கைந்து நிமிடத்தில் முழு விடையையும் படமெடுத்துப் போட்டுவிடுகிறது. மற்றவர்கள் கட்டைவிரல் காட்டுகிறார்கள். மறுநாள் அதே கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு வரவில்லை. ஜூமில் வகுப்பு வைத்தால் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு நின்றுவிடுகிறது, டேட்டாவும் தாங்கவில்லை. எல்லார் வீட்டிலும் போன் இருக்கிறது, மடிக்கணினி இரண்டு பேரிடம் மட்டும். ஒரு பிள்ளைக்கு மாதம் 1 ஜிபிக்கு மேல் வீட்டில் கேட்க முடியாது.

காரணிப்படுத்தல், சமன்பாடுகள், பிறகு நாற்கரங்களும் நடுப்புள்ளித் தேற்றமும். இவைதான் உடனே வேண்டியவை. எந்தச் செயலி, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

---

பரவளையம் (28 ஜூலை 2020)

வணக்கம் டீச்சர். செயலியை மாற்றும் முன் வேலையின் வரிசையை மாற்றிப் பாருங்கள். முழு விடை எல்லார் கண்ணிலும் படும் முன்பே ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளில் எழுதியிருக்க வேண்டும். இந்த ஒன்று அமைந்துவிட்டால் வாட்ஸ்அப்பே போதும்.

ஒன்பது பேர் இருக்கும் குழுவில் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள். அதில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று அமைப்பில் மாற்றி, அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்க மூன்று சிறு குழுக்கள், குழுவுக்கு மூன்று பேர். இரண்டு பேராக வைத்தால் ஒருவருக்கு நெட்வொர்க் போனதும் மற்றவர் தனியாகிவிடுவார். நான்கு பேராக வைத்தால் ஒருவர் பேசாமல் ஒதுங்க இடம் கிடைத்துவிடும். ஒவ்வொரு சிறு குழுவிலும் நீங்கள் இருவரும் இருங்கள்.

ஒரு அமர்வு இப்படிப் போகட்டும். 6 மணிக்குக் கணக்கு வரும், ஒன்றே ஒன்று. 6.10 வரை யாரும் எதையும் அனுப்பக்கூடாது, தாளில் பேனாவால் தனியாகப் போட வேண்டும். தவறு என்று தோன்றினால் ஒரு கோடு அடிக்கலாம், அழிக்கக்கூடாது. அடித்த வரிதான் பின்னால் பேசுவதற்குச் சரக்கு. 6.10-க்கு நீங்கள் ‘அனுப்பு’ என்று எழுதியதும் மூவரும் ஒரு நிமிடத்துக்குள் தாளின் படத்தை அனுப்ப வேண்டும், முடிக்காத தாளாக இருந்தாலும் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால், கேள்வி என்ன கேட்கிறது என்று தன் சொல்லில் ஒரு வரி, எங்கே நின்றது என்று ஒரு வரி. வெறும் தாள் மட்டும் வரக்கூடாது.

6.12 முதல் 6.30 வரை பேச்சு. இதில் ஒரே விதிதான்: மூன்று தாளும் எந்த வரியில் முதன்முதலாகப் பிரிகின்றன என்று கண்டுபிடிக்கும் வரை யாரும் விடையைச் சொல்லக்கூடாது. பிள்ளைகள் வழக்கமாகக் கடைசி வரியைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். உங்கள் கையில் வேறு விடை, என் கையில் வேறு விடை, யாருடையது சரி என்று நின்றுவிடும். பிரிந்த வரியைத் தேடும்போதுதான் காரணம் வெளியே வரும்.

பிறகு பத்து நிமிடத்தில் கூட்டு விடை, ஒரே தாளில், ஒருவர் கையெழுத்தில். 6.40-க்கு எண்ணை மாற்றிய அதே வகைக் கணக்கு, பேச்சு இல்லாமல் தனித்தனியாக. யாருக்குப் புரிந்தது என்று இந்தக் கடைசித் தாள்தான் காட்டும். கூட்டு விடைக்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் வேகமான பிள்ளையிடம் வேலை போய்விடும்.

மூவருக்கும் மூன்று பொறுப்பு. ஒருவர் எழுதுபவர், ஒருவர் கேட்பவர், ஒருவர் சரிபார்ப்பவர். கேட்பவர் கேள்வி மட்டும் கேட்கலாம், வரி சொல்லக்கூடாது. வேகமான பிள்ளைக்கு முதல் வாரம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ‘ஏன் இரண்டு பக்கமும் 6-ஐக் கழித்தாய்?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த வரி உண்மையில் தெரியும். சரிபார்ப்பவர் வந்த விடையை முதல் சமன்பாட்டில் இட்டுப் பார்த்து, அந்தக் கணக்கையும் எழுத வேண்டும். ஒவ்வொரு அமர்விலும் பொறுப்பு மாறட்டும்.

இனி எந்தக் கணக்கு என்பது. நேராக வழி தெரிகிற கணக்கில் பேச ஒன்றும் இருக்காது. இதை எடுத்துக்கொள்ளுங்கள் (எக்ஸுக்குப் பதில் க என்று எழுதுகிறேன்):

(க − 3)(க + 2) = 6

வலப்பக்கம் 0 இருந்தால் ஒவ்வொரு அடைப்பையும் 0-க்குச் சமமாக்கலாம். அதே பழக்கத்தில் பிள்ளைகள் இங்கே க − 3 = 6, க + 2 = 6 என்று எழுதி, 9, 4 என்று விடை தருவார்கள். சரியான வழி: பெருக்கி விரித்து, 6-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் க² − க − 12 = 0. காரணிப்படுத்தினால் (க − 4)(க + 3) = 0. விடை 4, −3.

இந்தக் கணக்கின் அருமை என்னவென்றால், தவறான வழியிலும் 4 வந்துவிடுகிறது. 4-ஐ மட்டும் இட்டுப் பார்த்தால் 1 × 6 = 6, சரியாகத்தான் இருக்கும். 9-ஐ இட்டால் 6 × 11 = 66. ஒரு தாளில் 4, 9. இன்னொன்றில் 4, −3. ‘பாதி சரி’ என்று ஒருவர் சொல்வார். ஏன் பாதி சரியானது என்று கேளுங்கள், பதினெட்டு நிமிடம் போதாது. இரண்டு எண்களின் பெருக்கல் 6 என்பதால் அவற்றில் ஒன்று 6 ஆகவேண்டிய கட்டாயம் இல்லை, 2 × 3 ஆகவும் இருக்கலாம், (−6) × (−1) ஆகவும் இருக்கலாம். 0-க்கு மட்டும்தான் அந்தக் கட்டாயம் உண்டு. இதை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால் அந்தத் தவறு திரும்ப வருவது அரிது.

அடுத்த அமர்வுக்கு இதையே திருப்பிப் போடுங்கள்: ‘தவறான வழியிலும் ஒரு சரியான விடை தருகிற வேறு சமன்பாடு ஒன்று உருவாக்குங்கள்.’ (க − 1)(க + 5) = 7 அப்படி ஒன்று. தவறான வழியில் க + 5 = 7, அதாவது 2. அதுவே உண்மையான விடைகளில் ஒன்று, மற்றது −6. மூன்று குழுவும் ஆளுக்கு இரண்டு கண்டுபிடித்துப் பெரிய குழுவில் போட்டால், வலப்பக்க எண் இரண்டு அடைப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட 1 கூடுதலாக இருக்கும்போது இப்படி நடக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். அப்போது சிறிய அடைப்பு 1 ஆகிவிடும், அதுதான் காரணம். பார்த்து எழுத இடமே இல்லாத கேள்வி இது, ஏனென்றால் ஒவ்வொருவர் எடுத்துக்காட்டும் வேறு.

---

மெகாபைட் (29 ஜூலை 2020)

டேட்டாக் கணக்கை நான் சொல்கிறேன். ஏப்ரலில் விலை குறைந்த பிறகு வோடாகாம் போன் நிறுவனத்தில் 30 நாள் 1 ஜிபி 99 ராண்ட். எனவே 1 எம்பி சுமார் 10 சென்ட். சிறு சிறு பொதியாக வாங்கினால் எம்பி விலை இதைவிட ஏறும். மாதப் பொதியாக எடுப்பதே நல்லது.

வாட்ஸ்அப் தாள் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், ஒரு படம் பெரும்பாலும் 100 முதல் 250 கேபி. அரை நிமிட வாய்ஸ் நோட் 100 கேபிக்குள் முடியும். குரல் அழைப்பு மணிக்குச் சுமார் 30 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவளையம் ஐயா சொன்ன அமர்வில் ஒரு பிள்ளைக்கு வருவதும் போவதுமாகப் பன்னிரண்டு படம், ஏழெட்டு வாய்ஸ் நோட், இருபது நிமிட அழைப்பு என்று போட்டாலும் 15 எம்பியைத் தாண்டாது. வாரம் மூன்று அமர்வு, நான்கு வாரம், மொத்தம் 180 எம்பி, அதாவது 18 ராண்ட். அதே 40 நிமிடம் ஜூமில் எல்லார் முகமும் தெரிகிற வீடியோவாக நடந்தால் ஒரு அமர்வுக்கே 300 எம்பி வரை போகலாம்.

ஜூம் வேண்டுமே என்றால் வாரம் ஒரு முறை, எல்லாரும் வீடியோவை மூடிவிட்டு, ஒருவர் மட்டும் திரையைப் பகிரட்டும். எழுத்து அசையாமல் நிற்கும் திரைக்கு டேட்டா மிகக் குறைவு. வாட்ஸ்அப் குழு அழைப்பில் ஏப்ரல் முதல் எட்டுப் பேர் வரை சேரலாம். மூன்று பிள்ளைகளும் நீங்கள் இருவருமாக ஐந்து பேர்தான், தாராளமாகப் போதும்.

1 ஜிபி பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது என்று வீட்டில் சொன்னால் கணக்கு வகுப்பைக் காரணம் சொல்லாதீர்கள், மற்ற குழுக்களில் வரும் வீடியோக்களைப் பாருங்கள். அமைப்பில், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது படம், ஒலி, வீடியோ எதுவும் தானாக இறங்காதபடி நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் போனிலும் இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

படம் எடுப்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது. பென்சில் எழுத்து சுருக்கிய படத்தில் மங்கிவிடும், நீலம் அல்லது கறுப்பு பால்பாயிண்ட் வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு கணக்கு, வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி. தலைக்கு நேர் மேலே பல்பு இருந்தால் போனின் நிழல் தாளில் விழும், ஆகவே வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும்படி உட்கார வேண்டும். போனைச் சாய்க்காமல் தாளுக்கு நேராகப் பிடித்து, ஓரத்தை வெட்டி அனுப்ப வேண்டும். மேல் மூலையில் கணக்கு எண், பெயரின் முதல் எழுத்து. வரிகளுக்கும் 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். ‘நாலாவது வரியில் குறி மாறிவிட்டது’ என்று சொன்னால் உடனே விளங்கும்; ‘அந்த மைனஸ் இருக்கே’ என்று சொன்னால் மூன்று பேரும் மூன்று மைனஸைப் பார்ப்பார்கள்.

தட்டச்சு செய்யும்போது பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போடாதீர்கள். இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே வருவதை வாட்ஸ்அப் சில வேளை தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரங்களை மறைத்துவிடும், கணக்கே மாறிப்போகும். பின்னத்தில் மேலும் கீழும் கட்டாயம் அடைப்பு வேண்டும். அடைப்பில்லாமல் ‘க + 3 / க + 2’ என்று வந்தால் அதற்குப் பொருள் வேறு.

லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, இந்த மாதம் திரும்ப வந்துவிட்டது. ஒரு முறை போனால் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ரூட்டர் உடனே அணையும், டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், அடிக்கடி மின்சாரம் போனால் அந்த பேட்டரியும் நிறையாது. சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே தெருவுக்குத் தெரு பிளாக் எண் (மின்வெட்டு அட்டவணையில் உள்ள பகுதி எண்) வேறாக இருக்கலாம், ஒன்பது வீட்டின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணக்கை முந்தின இரவே மூடிய உறையாக, அதாவது ‘6 மணிக்குத் திறக்கவும்’ என்று பெயரிட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிட்டால், தனியாகப் போடும் பத்து நிமிடத்துக்கு நெட்வொர்க்கே தேவையில்லை.

பாடநூல் இல்லாத பிள்ளைக்கு சியாவுலா என்ற பாடநூல் அமைப்பின் கிரேடு 10 கணித நூல் இலவசம். திறந்த உரிமத்தில் இருப்பதால் ஒருவர் இறக்கி மெமரி கார்டில் எல்லாருக்கும் கொடுக்கலாம்.

---

சாட்ஸ்வொர்த் செல்வி (29 ஜூலை 2020)

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரமாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, வடிவியல். சமன்பாட்டில் வரிக்கு எண் போட்டுப் பேசலாம். நாற்கரம், நிரூபணம் என்று வந்தால் படம் ஒருவரிடம் இருக்கிறது, காரணம் இன்னொருவரிடம் இருக்கிறது, குரலில் பேசினால் எந்தக் கோடு என்றே புரியாது. இரண்டு, ஒன்பது பேரில் ஒரு பெண்ணின் வீட்டில் ஒரே போன். அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்கு வரும். 6 மணிக்கு அவளால் வர முடியாது. அவளை விட்டுவிட மனமில்லை.

---

நடுக்கோடு (30 ஜூலை 2020)

அக்கா, வடிவியலுக்குப் பதில் சொல்கிறேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இதே பாடத்தைத்தான் இப்போது போனில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எல்லாருக்கும் ஒரே படத்தை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்த நாற்கரத்தை வரையட்டும். A4 தாளில் குறைந்தது 12 செ.மீ. பக்கம் உள்ளதாக, எந்த இரண்டு பக்கமும் சமமில்லாமல், எதுவும் இணையாகவும் இல்லாமல். முனைகளுக்கு வலஞ்சுழியாக அ, ஆ, இ, ஈ என்று பெயர். இந்தப் பெயரும் திசையும் ஒன்பது பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் ‘அஇ மூலைவிட்டம்’ என்றால் எல்லாரும் தன் தாளில் அதே கோட்டைப் பார்ப்பார்கள். உங்கள் முதல் சந்தேகத்துக்குப் பாதி மருந்து இதுதான்.

அடுத்து நான்கு பக்கத்தின் நடுப்புள்ளிகள்: அஆ-வில் ப, ஆஇ-யில் ம, இஈ-யில் ய, ஈஅ-வில் வ. அளவுகோலால் அளந்தால் 1, 2 மி.மீ. பிசகும், அந்தப் பிசகே பிறகு ‘எனக்கு இணைகரம் வரவில்லை’ என்று நிற்கும். நாற்கரத்தை வெட்டியெடுத்து ஒரு முனையை அடுத்த முனைமேல் வைத்து, பக்கத்தின் ஓரத்தில் மட்டும் மடித்துக் கிள்ளினால் நடுப்புள்ளி துல்லியமாகக் கிடைக்கும். ப, ம, ய, வ நான்கையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒன்பது நாற்கரமும் ஒன்பது விதம், நடுவில் வந்தது ஒன்பதும் இணைகரம். பெரிய குழுவில் இதை ஒரே நேரத்தில் போடுங்கள், ஒரு தாளைப் பார்த்தால் தற்செயல் என்று நினைப்பார்கள், ஒன்பதைப் பார்த்தால் ஏன் என்று கேட்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் கையில் தானாக வருவது செவ்வகம்போன்ற நாற்கரம். அதில் நடுவில் வருவது சாய்சதுரம்போலத் தெரியும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். குழுவுக்கு ஒருவரையாவது உள்ளே குழிந்த நாற்கரம் வரையச் சொல்லுங்கள். அதிலும் இணைகரம்தான் வரும், ஆனால் ஒரு மூலைவிட்டம் வெளியே விழும். நிரூபணம் அங்கேயும் நிற்கிறதா என்று சோதிக்க நல்ல இடம்.

நிரூபணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் பிள்ளை முக்கோணம் அஆஇ மட்டும் பார்க்கும்: ப, ம நடுப்புள்ளிகள், ஆகவே பம, அஇ-க்கு இணை, அதில் பாதி. இரண்டாம் பிள்ளை முக்கோணம் அஈஇ மட்டும்: வய, அஇ-க்கு இணை, அதில் பாதி. மூன்றாவது பிள்ளை இருவரும் எழுதியதைப் பார்க்காமல், அவர்கள் வாய்ஸ் நோட்டில் சொல்வதைக் கேட்டு முடிவை எழுத வேண்டும்: ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமம், இணை, ஆகவே இணைகரம். மூன்றாவது பிள்ளைக்கு எழுத முடியவில்லை என்றால் சொன்னவர்களின் சொல்லில் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் அந்த ஓட்டை ஒன்றேதான்: ‘பாதி’ என்று சொல்லி ‘இணை’ என்பதை விட்டிருப்பார்கள், அல்லது இரண்டையும் சொல்லிவிட்டு ‘நடுப்புள்ளித் தேற்றம்’ என்ற காரணத்தை விட்டிருப்பார்கள். மெட்ரிக் தேர்வு வழிகாட்டியில் ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலே இருக்கிறது. காரணத்துக்குத் தனி மதிப்பெண். கிரேடு 12 இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் சுமார் 50 யூக்ளிட் வடிவியலும் அளவியலும். அந்தப் பழக்கம் இங்கேயே தொடங்க வேண்டும்.

அடுத்த அமர்வுக்குக் குழுவுக்கு ஒரு கேள்வி. நடுவில் சாய்சதுரம் வர வேண்டுமானால் வெளி நாற்கரத்தில் என்ன இருக்க வேண்டும்? இரண்டாவது குழுவுக்குச் செவ்வகம், மூன்றாவது குழுவுக்குச் சதுரம். விடை மூலைவிட்டங்களில் இருக்கிறது: சம நீளம் என்றால் சாய்சதுரம், செங்குத்து என்றால் செவ்வகம், இரண்டும் சேர்ந்தால் சதுரம். சதுரக் குழு மற்ற இரண்டு குழுவையும் கேட்காமல் முடிக்க முடியாது, கேட்கவும் வேண்டும். மடிக்கணினி உள்ள இரண்டு பேர் ஜியோஜீப்ரா என்ற வடிவியல் செயலியில் முனையை இழுத்துப் பார்த்து ஒரு சிறு வீடியோ எடுக்கலாம், அந்தச் செயலி போனிலும் இணையமில்லாமல் ஓடும். ஆனால் தாளில் வரைந்து மடித்த பிறகுதான், அதற்கு முன் வேண்டாம்.

---

வெண்சுண்ணம் (30 ஜூலை 2020)

செல்வி அக்கா, போன் இரவில் மட்டும் கிடைக்கும் பிள்ளைக்காக வாரத்தில் ஒரு கணக்கையாவது எல்லாருக்குமே ஒரே நேரத்தில் கூடத் தேவையில்லாத கணக்காக வைத்துவிடுங்கள். அவள் ஒருத்திக்கு மட்டும் தனி ஏற்பாடு என்றால் ஒதுக்கியதுபோல் இருக்கும்.

சங்கிலிக் கணக்கு என்று வையுங்கள். ஒரு பிள்ளை ஒரே ஒரு வரியும் அதன் காரணமும் எழுதி அனுப்பும். அடுத்த பிள்ளை முந்தின வரியைச் சரிபார்த்து ‘ஒப்பு’ அல்லது ‘மறுப்பு, ஏனென்றால்…’ என்று எழுதிய பிறகே தன் வரியைச் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு நான்கு மணி நேரம், தாண்டினால் வரிசை அடுத்தவருக்குப் போகும். இந்தக் கெடு இல்லாவிட்டால் இரண்டாவது நாளே சங்கிலி நின்றுவிடும். இரவில் வரும் பிள்ளைக்குக் கடைசி வரி என்று வைத்துவிடாதீர்கள், நடு வரி அவளுக்கு. கடைசி ஆளாகவே வந்தால் நகலெடுப்பவளாகிவிடுவாள்.

சேர்ந்து கணக்குப் போடுவதில் இது பெரியவர்களும் கைக்கொண்ட வழிதான். 2009-இல் கணித அறிஞர் டிமோதி கவர்ஸ் தன் வலைப்பதிவில் தொடங்கிய பாலிமேத் முயற்சியில் பல கணித அறிஞர்கள் சேர்ந்து, ஹேல்ஸ்–ஜூவெட் தேற்றம் என்ற கடினமான தேற்றத்தின் அடர்த்தி வடிவத்துக்குப் புதிய நிரூபணம் கண்டார்கள். அங்கே கேட்டுக்கொண்டது, முழுதாக யோசித்து முடித்துவிட்டு வராதே, அரைகுறையாக இருந்தாலும் ஒரு சின்ன எண்ணத்தை அப்போதே எழுது என்பது. கிரேடு 10-க்கும் இது பொருந்தும். தவறான வரி வந்தால் கண்டிக்காமல் அதன்மேல் ‘மறுப்பு’ எழுத விடுங்கள்.

சங்கிலிக்கு ஏற்ற கணக்கு ஒன்று:

(க² − 9)/(க² − க − 6) ÷ (க + 3)/(க + 2)

முதல் பிள்ளை மேல் பகுதியைக் காரணிப்படுத்தும்: (க − 3)(க + 3). இரண்டாவது கீழ்ப் பகுதியை: (க − 3)(க + 2). மூன்றாவது வகுத்தலைத் தலைகீழ்ப் பெருக்கலாக்கிச் சுருக்கும். எல்லாம் அடிபட்டு 1 வரும். இங்கே மகிழ்ச்சியாக நிறுத்திவிடுவார்கள். முதல் பிள்ளைக்கே திரும்பக் கொடுங்கள்: க எந்த மதிப்பாக இருக்கக்கூடாது? 3, −2 என்று சொல்வார்கள், கீழே 0 வருகிறது என்று. −3 விட்டுப்போகும். வகுக்கும் பின்னத்தின் மேல் பகுதி −3-இல் 0 ஆகிறது, 0-ஆல் வகுக்க முடியாது. தலைகீழாக்கிய வரியைப் பார்த்தால் அது தெரியும், முதல் வரியை மட்டும் பார்த்தால் தெரியாது. சங்கிலியில் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக நிற்பதால் இதைச் சுட்டிக்காட்டுவது எளிது. விடை 1 என்று தெரிந்த பிள்ளைக்கும் அந்த மூன்று விலக்குகளைக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம் இருக்கும்.

பரவளையம் ஐயா சொன்ன பதினெட்டு நிமிடப் பேச்சைக் குரல் அழைப்பில் வைப்பதா, எழுத்திலா என்பதில் என் கருத்து வேறு. அழைப்பில் சத்தமாகப் பேசுபவர் வெல்கிறார், பேச்சும் காற்றோடு போகிறது. முதல் எட்டு நிமிடம் எழுத்தில் நடக்கட்டும், பிரிந்த வரி எது என்று மூவரும் எழுதிய பிறகு அழைப்புக்குப் போகலாம். வராத பிள்ளை இரவில் அதைப் படித்துக்கொள்ளவும் முடியும்.

இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் எல்லார் போன் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைகள், ஆகவே பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஜூலை 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஒத்துப்போக ஓராண்டு அவகாசம் இருந்தாலும் இப்போதே செய்வது நல்லது. தன்னார்வலர் யாரும் பிள்ளையோடு தனி உரையாடல் வைத்துக்கொள்ள வேண்டாம், 6.40 தாளும் குழுவிலேயே, அதே ‘அனுப்பு’ முறையில் வரட்டும். ஜூம் வைத்தால் காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் கட்டாயம், இணைப்பைப் பெரிய குழுவுக்கு வெளியே பகிரக்கூடாது.

---

சாட்ஸ்வொர்த் செல்வி (31 ஜூலை 2020)

சங்கிலிக் கணக்கைத் திங்கட்கிழமை தொடங்குகிறோம், அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வரி. ஒரே ஒரு கேள்வி பாக்கி: மூன்று குழுவையும் எப்படிப் பிரிப்பது? நன்றாகப் போடுபவர்கள் மூவரை ஒன்றாக வைப்பதா, கலப்பதா? வாராவாரம் மாற்றலாமா?

---

பரவளையம் (31 ஜூலை 2020)

வெண்சுண்ணம் சொன்ன எட்டு நிமிட எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர், நல்ல யோசனை.

கலந்து வையுங்கள், ஆனால் இடைவெளி மிகப் பெரிதாக இருக்கக்கூடாது. ஒன்பது பேரையும் முதல் 6.40 தாளை வைத்து 1 முதல் 9 வரை வரிசைப்படுத்துங்கள், அந்த வரிசை உங்களிடம் மட்டும் இருக்கட்டும். 1, 4, 7 ஒரு குழு. 2, 5, 8 ஒன்று. 3, 6, 9 ஒன்று. முதல் இடத்துப் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் நேராக ஒன்றாகப் போட்டால் ஒருவர் பாடம் நடத்துவார், மற்றவர் கேட்டுக்கொள்வார், நடுவில் ஆள் இருந்தால் அது குறையும்.

நான்கு வாரமும் குழுவை மாற்றாதீர்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதும் துணிவு வர இரண்டு மூன்று அமர்வு பிடிக்கும், மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுப்புகள் மட்டும் சுழலட்டும். ஒரு நாள் இருவர்தான் வந்தார்கள் என்றால் சரிபார்ப்பவர் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்பவர் இடத்தை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். ஒருவர்தான் வந்தார் என்றால் அன்றைக்கு அவரை அடுத்த குழுவில் நான்காவது ஆளாகச் சேர்த்து, அவருக்குக் கேட்பவர் பொறுப்பைக் கொடுங்கள்.